சிறிய இன்னிசைக் குழு கிராமத் திருவிழாக்களுக்குச் சுற்றுப்பயணம் புறப்படும்போது

மாசியில் காப்புக் கட்டத் தொடங்கி ஆடியில் கூழ் ஊற்றி முடிக்கும் வரை, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கிராமக் கோயில் திடல்களில் இன்னிசைக் கச்சேரிக்குக் குறைவிருக்காது. இருபத்தைந்து பேருடன் சொந்த விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய குழுக்களுக்கு இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. ஆண் குரல், பெண் குரல், கீபோர்டு, பேஸ் கிட்டார், ரிதம் பேடு, தபேலா, அறிவிப்பாளர் என ஏழு பேரும் ஓர் ஓட்டுநருமாகப் புறப்பட்டு, பத்துப் பன்னிரண்டு நாள்களில் ஏழெட்டு ஊர்களில் பாடித் திரும்ப நினைக்கும் சிறிய குழுவை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அத்தகைய குழு ஊரிடம் எதிர்பார்ப்பவை எவ்வளவு குறைவாக இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கச்சேரி ஒழுங்காக நடக்கும் என்பதே பதினான்கு ஆண்டுகளாகக் கீபோர்டுடன் ஊர் சுற்றியதில் நான் கண்டது. ஊர் மைக் செட்டுக்குக் கொடுக்க இரண்டு ஒயர், மேடையில் நம்பத்தக்க ஒரு மின் இணைப்பு, பெண்கள் உடை மாற்றவும் இளைப்பாறவும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை ஆகிய மூன்றுக்கு மேல் எதையும் கேட்காத நிலைக்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வேலை நாள்களைக் கோப்பது. தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டியே அமைவதால், செவ்வாயும் புதனும் பல ஊர்கள் உங்களை அழைக்கும். வியாழன் முதல் ஞாயிறு வரை அழைப்புக் குறையும். பங்குனி உத்திரத்தன்று ஒரே நாளில் மூன்று ஊர்க்காரர்கள் கேட்டாலும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மாலையில் ஓர் ஊர், நள்ளிரவில் இன்னோர் ஊர் என்று ஆசைப்பட்டால் இரண்டு ஊர்களிலும் கெட்ட பெயர்தான் மிஞ்சும். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளையொட்டி மதுரை நகருக்குள் வாகனத்தில் நுழைவதும் அறை பிடிப்பதும் எளிதன்று. அந்த வாரத்தில் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் ஊர்களை வைத்துக்கொள்வது நல்லது. தேர்தல் ஆண்டாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2019, 2021, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரல் மாதத்தில்தான், அதாவது பங்குனியும் சித்திரையும் சந்திக்கும் நம்முடைய உச்ச காலத்தில்தான். நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தை ஆவணமின்றி எடுத்துச் சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்வார்கள். நான்கு ஊர்களின் சம்பளத்தை ஒரே பையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் சோதனைச் சாவடியில் நிற்காமல், ஒவ்வோர் ஊரிலும் மீதிப் பணத்தை வங்கிக் கணக்கிலோ கைபேசி வழியாகவோ வாங்கிவிடுங்கள்.

ஊரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பக் கூடாது. புதுப்பட்டி என்ற பெயரில் ஓர் ஊர்கூட இல்லாத தாலுகாவைத் தென் மாவட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாலுகா, அஞ்சல், கோயிலின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று சொல்லிக் கண்மாய்க் கரைமீது ஏற்றிவிடும். டெம்போ டிராவலர் அங்கே திரும்பவும் முடியாது, பின்னால் வரவும் முடியாது. “உங்கள் ஊருக்குள் பஸ் வருமா, எந்தப் பக்கமாக வரும்?” என்று கமிட்டிக்காரரிடம் கேளுங்கள், பஸ் வரும் பாதையே உங்கள் பாதை. பொருள்களை வாகனத்தின் கூரையில் உயரமாகக் கட்டியிருந்தால், தெருக்களில் தாழ்வாகக் கட்டிய சீரியல் விளக்கு ஒயர்களும் வீட்டு இணைப்பு ஒயர்களும் சிக்கும். பெட்டிகளுக்குத் தனியாக ஒரு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) அமர்த்துவது செலவென்றாலும் பாதுகாப்பானது. கச்சேரி முடிந்த கையோடு அடுத்த ஊருக்கு ஓட்டுவதைக் கட்டாயம் தவிருங்கள். அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஓட்டுநருக்குக் கண் சொக்கும் நேரம். பகலெல்லாம் திடலில் உறங்காமல் இருந்தவரை அந்நேரத்தில் ஓட்டச் சொல்வது எட்டு உயிர்களைப் பணயம் வைப்பதாகும். ஊர்களுக்கிடையே எண்பது கிலோமீட்டருக்கு மிகாமல் பார்த்துக்கொண்டால், காலையில் எழுந்து குளித்துவிட்டு நிதானமாகப் போய்ச் சேரலாம்.

வெற்றிலை பாக்கோடு முன்பணம் கைமாறும் அன்றே, ஒரு தாளில் சில விவரங்களை எழுதி இருதரப்பும் கையெழுத்திடுவது நல்லது: தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஜெனரேட்டரும் மைக் செட்டும் யார் பொறுப்பு, மீதிப் பணம் எப்போது. தொடங்கும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஊர் நோட்டீஸில் ‘இரவு 9 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். சாமி ஊர்வலம் வந்து சேர்ந்து, மண்டகப்படிதாரர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும். பிறகு காவல் துறையினர் வந்து நிறுத்தச் சொன்னால், ஊரார் கோபம் காவலர்மீது பாயாது. ‘குழு நாலு பாட்டுத்தான் பாடியது’ என்று உங்கள்மீதே பாயும். எனவே மாலை ஆறரைக்கே தொடங்க வற்புறுத்துங்கள். ஊர்வலம் வரும்போது ஒரு மணி நேரம் நிறுத்தி, அது போனபின் தொடருங்கள். காவல் நிலைய அனுமதிக் கடிதத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் எழுதியுள்ள நேரத்தையும் நிபந்தனைகளையும் நீங்களே படியுங்கள். ‘ஆடல் பாடல்’ என்று அனுமதி கேட்டால் நிபந்தனைகள் கடுமையாகும். வெறும் பாட்டுக் கச்சேரிக்கு அந்தப் பெயரில் விண்ணப்பிக்க வேண்டாமென்று கமிட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

இனி மின்சாரம். “தம்பி, கரண்டைப் பத்திக் கவலையே படாதீங்க” என்று கமிட்டிக்காரர் சொன்னால், அன்று கவலைப்பட வேண்டிய ஒரே விஷயம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஜெனரேட்டரில் நியூட்ரல் ஒயர் கழன்று, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 400 வோல்ட் ஏறியதில் என் கீபோர்டு அடாப்டரும் ஒலிகளைச் சமன்செய்யும் மிக்ஸர் ஒன்றும் புகைந்து போயின. முதல் பாட்டின் பல்லவிகூட முடிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மல்டிமீட்டர் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. மின்சாரம் வரும் பேஸ் (phase) ஒயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் ஏதோ குறை இருக்கிறது. விளக்குகளும் சீரியல் கட்அவுட்களும் எல்லாம் எரியும்போது இன்னொரு முறை அளந்து பாருங்கள். நீண்ட மெல்லிய ஒயர் வழியாகக் கோயிலிலிருந்து இழுத்த இணைப்பென்றால், மாலையில் 225 காட்டியது இரவில் 180க்கு இறங்கிவிடும். தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரத்தை ஏற்காதீர்கள். அது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி குற்றம் என்பதோடு, அதில் எர்த் என்பதே இருக்காது.

கருவிகளும் மிக்ஸரும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். கிட்டார் ஓர் இணைப்பிலும் மைக் வரும் மிக்ஸர் இன்னோர் இணைப்பிலும் இருந்து, எர்த் சரியில்லையென்றால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவர் உடல் வழியாக மின்சாரம் பாயும். இதனால் உயிர் போவதும் உண்டு. பாடகர் மைக்கைத் தொடுமுன் மைக்கின் உலோக வலைக்கும் கிட்டார்க் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. பொருத்திய நீட்டிப்புப் பலகை ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். ஒன்று, கீபோர்டு, பேடு, சிறிய மிக்ஸர் ஆகியவற்றைத் தாங்கும். ஊர் மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் கீபோர்டு அணைந்து மீண்டும் உயிர்பெற ஒரு நிமிடம் காத்திருக்கும் அவமானத்திலிருந்தும் அது காப்பாற்றும்.

மைக் செட்காரரோடு மரியாதையாக இருங்கள். அவர் ஊர்க்காரர், நீங்கள் விருந்தாளி. உங்கள் மிக்ஸரிலேயே குரலையும் கருவிகளையும் சமன்செய்து, இடது வலது என்று இரண்டு ஒயர்களை மட்டும் அவரிடம் கொடுத்து, “அண்ணே, இதை மட்டும் ஏத்தி இறக்கினாப் போதும்” என்று சொல்லிவிட்டால், அவருக்கும் வேலை குறைவு, உங்களுக்கும் ஒலிபெருக்கியின் விசில் சத்தம் குறைவு. பாடும் மைக்குகள் உங்களுடையவையாகவே இருக்கட்டும்.

மாசி, பங்குனி இரவுகளில் பனி இறங்கும்போது தபேலாத் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும். புல்லாங்குழல் வைத்திருந்தால் அதுவும் குளிரில் சற்று இறங்கி ஒலிக்கும். தபேலாவை வாகனத்திலிருந்து இறக்கியவுடன் சுருதி சேர்க்காமல், மேடையில் அரை மணி நேரம் இருக்கவிட்டுச் சேர்ப்பது, இடைவேளையில் துணி சுற்றி வைப்பது, மாற்றுத் தபேலா ஒன்றைக் கையில் வைத்திருப்பது ஆகியவை வழக்கமாக வேண்டும். மழை பெய்த மறுநாள் ஈசல் கீபோர்டின் மேல் படையாக விழும். வெள்ளைக் குழல் விளக்கு ஒன்றை மேடையிலிருந்து இருபது அடி தள்ளி எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

பாட்டு வரிசை ஒவ்வொருவர் ரசனைக்கேற்ப மாறும் என்றாலும், பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து அந்த ஊர்த் தெய்வத்தின் பாட்டு வருவதை மாற்றாதீர்கள். காளியா, முத்துமாரியா, அய்யனாரா, கருப்பசாமியா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களும் பெண்களும் ஒன்பதரைக்குள் எழுந்து போவார்கள் என்பதால் பழைய பாடல்களை முதலில் முடித்துவிட்டு, இளைஞர்களுக்கான துள்ளல் பாடல்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். கருப்பசாமி பாட்டில் உடுக்கையும் உருமியும் பேடில் ஏறும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வரலாம். அப்போது பதறித் தாளத்தைச் சட்டென்று அறுத்துவிடாதீர்கள். ஊரார் அதை ஏற்கமாட்டார்கள். பூசாரி வந்து விபூதி பூசும் வரை அதே தாளத்தை மெல்லத் தணித்து வாசித்து, அருள் இறங்கியபின் பாட்டை முடியுங்கள். அடுத்த பாட்டு அமைதியான அம்மன் பாட்டாக இருக்க வேண்டும். உடனே இன்னொரு கருப்பசாமி பாட்டைக் கேட்டுக் கூட்டம் கத்தினாலும் கொடுக்காமல் இருப்பதே அறிவிப்பாளரின் திறமை.

துண்டுச் சீட்டில் வரும் விருப்பப் பாடல்களில் சாதிப் பெருமை பேசுபவையும் கட்சிப் பாடல்களும் நிச்சயம் இருக்கும். அவற்றைப் பாடுவதில்லை என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, கச்சேரித் தொடக்கத்தில் கமிட்டியின் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள். நாம் மறுத்தால் வம்பாகும், கமிட்டி மறுத்தால் அது ஊர்க் கட்டுப்பாடு. அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போதும் கமிட்டி எழுதித் தந்த வரிசையை மாற்றக் கூடாது. யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வியில் பல தலைமுறைச் சண்டைகள் உறங்கிக்கொண்டிருக்கும். வெளியூர் அறிவிப்பாளர் ஒருவர் முன்பின்னாக வாசித்த இரண்டு பெயர்கள் போதும், அவை எழுந்துகொள்ள.

உணவைப் பொறுத்தவரை, கோயில் அன்னதானமே போதுமானது. பாடுபவர்கள் மேடையேற இரண்டு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெண்களுக்கான அறையையும் கழிப்பறையையும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், முன்பணம் வாங்கும் நாளிலேயே எந்த வீடு என்று கேட்டு, அந்த வீட்டுப் பெண்மணியிடமே பேசி உறுதிசெய்யுங்கள். பள்ளிக்கூட வராந்தாவைக் காட்டினால் மறுத்துவிடுங்கள்.

மீதிப் பணத்தை இடைவேளையில், ஊர்வலத்துக்காக நிறுத்தும் நேரத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பாட்டு முடிந்தபின் பொருளாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பொருள்களை ஏற்றும்போது, கிளம்பிய அன்று எண்ணி எழுதிய பட்டியலை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விடுபடுபவை மைக் கிளிப், கிட்டார் ஒயர், அடாப்டர் ஆகிய சிறியவைதாம்; அவை ஊர் மைக் செட்டின் ஒயர்க் குவியலுக்குள் கலந்துபோகும் என்பதால், உங்கள் ஒயர்கள் எல்லாவற்றின் இரு முனையிலும் ஒரே நிறத்தில் டேப் சுற்றி வைத்திருங்கள்.