எஸ்கியூலைட்டுக்குச் சொந்த மாலாக் கொடுக்கிறீர்களா?

சின்னக் கருவிகளில் எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் நூலகத்தை ஓட்டும்போது, அதற்கு நினைவகம் ஒதுக்கும் வேலையை, அதாவது மாலாக்கை (malloc), நம் சொந்த ஃபங்ஷன்களிடமே கொடுத்துவிடலாம். கான்ஃபிக்-மாலாக் (SQLITE_CONFIG_MALLOC) என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. ஆனால் முதல் டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்பே அதை அழைத்துவிட வேண்டும். பிந்திவிட்டால் 21 என்ற பிழை எண் திரும்பி வரும், பழைய மாலாக்கே தொடர்ந்து ஓடும். பலர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. தயவுசெய்து பாருங்கள்.

பலர் தடுமாறும் இடம், நாம் எழுதித் தரும் ஃபங்ஷன்களில் ஒன்றான எக்ஸ்-சைஸ் (xSize). கொடுத்த நினைவகத் துண்டின் அளவு என்ன என்று எஸ்கியூலைட் பிறகு கேட்கும். சி மொழியின் சாதாரண மாலாக்கில் அதைக் கேட்டறியப் பொதுவான வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் 8 பைட் கூடுதலாக வாங்கி, அதில் அளவை எழுதிவிட்டு, பாயின்டரை (துண்டின் முகவரியை) 8 பைட் தள்ளிக் கொடுங்கள். 100 பைட் கேட்டால், அளவை 8-இன் மடங்காக உயர்த்தும் எக்ஸ்-ரவுண்டப் (xRoundup) ஃபங்ஷன் அதை 104 ஆக்கும். நாம் வாங்குவது 112. விடுவிக்கும்போது மறக்காமல் 8 பின்னால் போய் விடுவியுங்கள். 8-இன் மடங்கில் முகவரி அமைய வேண்டும் என்ற விதியும் இதில் தானாகவே காக்கப்படும்.

அப்புறம் ஒன்று: நினைவகப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் மெம்-ஸ்டேட்டஸ் அமைப்பை அணைத்துவிட்டால், நம் ஃபங்ஷன்களை ஒரே நேரத்தில் பலர் அழைக்காமல் தடுக்கும் பூட்டை எஸ்கியூலைட் போட்டுத் தராது. பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓடினால் பூட்டு நம் பொறுப்பு.

எவ்வளவு நினைவகம் போகிறது என்று எண்ண மட்டும்தானா? கெட்-மாலாக் (SQLITE_CONFIG_GETMALLOC) அமைப்பின் மூலம் இப்போதுள்ள ஃபங்ஷன்களை வாங்கி, அவற்றை அழைத்து எண்ணிக்கொள்ளும் ஓர் உறையை மேலே போட்டாலே போதும்.