ப்ரமோஷன் கேக்கப் போற பொண்ணுங்களுக்கு ஒரு குறிப்பு

ஆம்பளைங்களே நிறைஞ்ச டீம்ல வேலை பாக்குற தோழிகளே, அப்ரைசல் மீட்டிங்ல போய் உக்காந்துட்டு யோசிச்சு யோசிச்சுப் பேசாதீங்க, இப்பவே ஒரு ஃபைல் ஓப்பன் பண்ணி வாராவாரம் என்ன முடிச்சீங்க, அதால எவ்ளோ நேரம் மிச்சமாச்சு, யாரு பாராட்டி மெயில் போட்டாங்கன்னு தேதியோட எழுதி வைங்க. "நல்லா உழைச்சேன் சார்"னா காத்துல போயிடும், "மெஷின் நிக்குற நேரத்த பாதியா குறைச்சது நான்"னா யாராலயும் மறுக்க முடியாது.

மீட்டிங் நோட்ஸ் எடுக்குறது, ஃபேர்வெல் ஏற்பாடு பண்றதெல்லாம் எப்பவும் நம்ம தலையிலதான் விழும், ப்ரமோஷனுக்கு ஒரு மார்க்கும் கிடைக்காது, அதனால "முறை வச்சுக்கலாம், அடுத்த வாரம் வேற யாராவது எடுக்கட்டும்"னு அப்பவே சொல்லிடுங்க.

சம்பளம் பேசும்போது பழைய சம்பளத்த வச்சு பேரம் பேச விடாதீங்க, இந்தப் பதவிக்கு என்ன ரேஞ்ச்னு கேளுங்க. சம மதிப்புள்ள வேலைக்கு சம ஊதியம்ங்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1951 உடன்படிக்கையிலயே இருக்கு, அதாவது ஒரே டெசிக்னேஷனா இருக்கணும்னு கூட இல்ல. இது சலுகையே இல்லங்க! பட்ஜெட் முடிவாகுறதுக்கு முன்னாடியே கேளுங்க, "அடுத்த தடவ பாக்கலாம்"னு சொன்னா என்ன செஞ்சா கிடைக்கும், எப்போ கிடைக்கும்னு கேட்டு, அவங்க சொன்னத அன்னிக்கே அவங்களுக்கு மெயிலா போட்டு வைங்க.