எல்லாருக்கும் தமனி ரத்தம் வேண்டியதில்லை

கீட்டோஅசிடோசிஸுடன் (ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும் நிலை) வரும் சர்க்கரை நோயாளியின் மணிக்கட்டுத் தமனியில் ரத்த வாயுப் பரிசோதனைக்காக மீண்டும் மீண்டும் ஊசி குத்துவது பெரும்பாலும் வீண் வதை. சிரை ரத்தமே போதும். அதன் பிஹெச் (அமில-கார அளவு) தமனி ரத்தத்தைவிடச் சராசரியாக 0.03 அளவுதான் குறைவு. அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் சற்றே கூடுதல். சிகிச்சையை மாற்றுகிற வித்தியாசம் அல்ல. எப்படியும் பொட்டாசியம் பார்க்கச் சிரையில் ரத்தம் எடுக்கத்தானே போகிறோம்!

கார்பன் டை ஆக்சைடில்தான் கவனம் வேண்டும். சிரையில் அது சராசரியாக 5 மி.மீ. பாதரச அளவுக்குக் கூடுதல் என்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் இந்த இடைவெளி பெரிதும் மாறும். ஐந்தைக் கழித்துக் கணக்குப் போட வேண்டாம். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்குச் சிரை அளவு 45-க்குக் கீழே இருந்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அதற்கு மேல் போனால் தமனிதான்.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை சிரை ரத்தம் தமனிக்கு மாற்றே அல்ல. பல்ஸ் ஆக்சிமீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டம் குன்றி, கடும் அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவரிடம் இரண்டு ரத்தங்களின் அளவுகளும் வெகுவாக விலகிவிடும். அங்கே தமனியைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்.

ரத்தம் எடுக்கும்போது கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால் பொட்டாசியமும் லாக்டேட்டும் (லாக்டிக் அமில அளவு) பொய்யாக உயரலாம். சிரிஞ்சில் உள்ள காற்றுக்குமிழியை உடனே வெளியேற்றுங்கள். பரிசோதனைச் சீட்டில் ‘சிரை’ என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆக்சிஜன் 38 என்பதைத் தமனி அளவென்று நினைத்து இரவுப் பணி மருத்துவர் பதறி ஓடி வருவார்.