சி4, சி5: காப்பியடித்தால் டிரா ஆகிவிடுமா?

செஸ்ஸில் வெள்ளை முதல் நகர்வாகச் சிப்பாயை சி4 கட்டத்துக்குத் தள்ள, கறுப்பும் அதே மாதிரி சி5. அப்புறம் குதிரை, ஜி சிப்பாய், பிஷப் என்று இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி நகரும். இந்த ஓப்பனிங்குக்கு, அதாவது ஆட்டத் தொடக்க முறைக்கு, சிமெட்ரிக்கல் இங்கிலீஷ் என்று பெயர். அதைப் பார்த்து 'எப்படியும் டிராதான்' என்று நினைப்பதே முதல் தவறு. நானும் அரைப் புள்ளியை மனசுக்குள் எழுதிவைத்துவிட்டு முழுசாகத் தோற்றிருக்கிறேன்.

வெள்ளைக்கு ஒரு நகர்வு முன்னிலை இருக்கிறது, அதனால் டி4 தள்ளி நடுப்பகுதியைத் திறக்கும் வாய்ப்பும் அவருக்கே முதலில் வரும். கறுப்பு அங்கேயாவது காப்பியடிப்பதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

வெள்ளை ஆடுபவர்கள் அடிக்கடி செய்வது இன்னொன்று: சி4, இ4 இரண்டையும் தள்ளிவிட்டு, குதிரையைப் பழக்க தோஷத்தில் எஃப்3-ல் வைப்பது. டி4-ஐக் காக்க இனி சிப்பாய் கிடையாது. கறுப்பு பிஷப் ஜி4-க்கு வந்து, டி4-ஐக் காக்கும் அந்தக் குதிரையைப் பின்னால் நிற்கும் ராணியோடு கட்டிப்போட்டால் டி4 கையைவிட்டுப் போகும். குதிரையை இ2-ல் வைத்தால் டி4-க்கும் காவல், எஃப் சிப்பாய்க்கும் வழி.

சரி, கறுப்பின் பெரிய தவறுக்கு வருவோம். பி5 தள்ளும் ஆசை. 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், கறுப்பு ஆடிய ஸ்பாஸ்கி ஃபிஷரிடம் தோற்ற 8-வது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள், இதே ஓப்பனிங்தான். யானைகள் பி8-லும் சி8-லும், ஏ6 தள்ளியாயிற்று, வெள்ளை பிஷப் இ3-ல். 15-வது நகர்வில் ஸ்பாஸ்கி பி5 ஆட, பிஷப் நேராக ஏ7-க்குப் போய் பி8 யானையைத் தாக்கி உட்கார்ந்துவிட்டது! பி7-ல் சிப்பாய் இருந்தவரை ஏ8 பத்திரமான கட்டம். அது நகர்ந்ததும் ஜி2 பிஷப்பின் நீண்ட மூலைவிட்டம் ஏ8 வரை திறந்துகொண்டது, பி8 யானைக்குப் போக இடமே இல்லை. யானை போயிற்று, பதிலுக்கு அந்த பிஷப்பும் ஒரு சிப்பாயும் கிடைத்தன (தெரிந்தேதான் கொடுத்தார் என்பாரும் உண்டு, எனக்கு நம்பிக்கையில்லை).

அத்தோடு நிற்கவில்லை. டி5-ஐக் காத்துக்கொண்டிருந்த எஃப்6 குதிரையை 19-வது நகர்வில் டி7-க்கு இழுத்தார். உடனே ஃபிஷரின் சி3 குதிரை டி5-ல் குதித்தது. ஏ5-லும் டி2-லும் இருந்த ராணிகள் நேருக்கு நேர். ஸ்பாஸ்கி ராணியை வெட்ட, குதிரை முதலில் இ7 சிப்பாயைச் செக்கோடு சாப்பிட்டது, அப்புறம்தான் வெள்ளை திரும்ப வெட்டியது. 37-வது நகர்வில் ஸ்பாஸ்கி ரிசைன், ஸ்கோர் ஃபிஷருக்கு 5-3.