லண்டன் டியூபில் சூட்கேஸோடு ரயில் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்குகிற உறவினர்கள் முதலில் கேட்பது, "எந்த வழி சீக்கிரம்?" என்றுதான். தோளில் ஒரு பை மட்டும் இருந்தால் அது சரியான கேள்வி. ஆளுக்கொரு 23 கிலோ சூட்கேஸ் இருந்தால், "எந்த வழியில் படிக்கட்டு இல்லை?" என்று கேளுங்கள்.

டியூப் என்கிற லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. 1933-இல் வந்த ஹாரி பெக்கின் வடிவமைப்பைப் பின்பற்றும் படம் அது. உண்மையான தூரத்தைக் காட்டாது. இரண்டு லைன் சேரும் இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். அந்த வட்டத்துக்குள் பத்தடி நடையும் இருக்கலாம், மூன்று படிக்கட்டும் ஒரு சுரங்கப்பாதையும் இருக்கலாம். சக்கர நாற்காலி அடையாளம் உள்ள நிலையங்களைப் பாருங்கள். அது நீல நிறத்தில் இருந்தால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படி கிடையாது. வெள்ளை என்றால் பிளாட்பாரம் வரைக்கும்தான். ரயிலில் ஏறும்போது தூக்க வேண்டிவரும்.

ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லி லைனில் ஏறி விக்டோரியா நிலையத்துக்குப் போகிறவர்களில் பலர் எர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி மாறுகிறார்கள். அங்கே பிக்காடில்லி லைன் ஆழத்தில் ஓடுகிறது, டிஸ்ட்ரிக்ட் லைன் மேலே. அதற்குச் சற்று முன்னாலேயே ஹேமர்ஸ்மித்திலோ பேரன்ஸ் கோர்ட்டிலோ இறங்கிவிடுங்கள். ஊருக்குள் போகும் டிஸ்ட்ரிக்ட் ரயில் அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் வந்து நிற்கும். சூட்கேஸை அப்படியே உருட்டிக்கொண்டு போய் ஏற வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தை நான் எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன். பிக்காடில்லிக்கும் விக்டோரியா லைனுக்கும் ஃபின்ஸ்பரி பார்க்கில் இதே வசதி உண்டு.

ஹீத்ரோவிலிருந்து கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமா? எலிசபெத் லைனில் ஃபாரிங்டன் வந்து மாறுவது வேகம்தான். அந்த லைனின் 41 நிலையங்களிலும் பிளாட்பாரம் வரை படியில்லாமல் போகலாம். ஆனால் அதன் ரயிலே 200 மீட்டருக்கு மேல் நீளம். ஃபாரிங்டனில் பிளாட்பாரத்தின் மறுகோடி பக்கத்து நிலையமான பார்பிகன் வரை போய்விடுகிறது, தவறான முனையில் இறங்கினால் சூட்கேஸோடு அவ்வளவும் திரும்பி நடக்க வேண்டும். இரண்டு பெரிய சூட்கேஸும் தூங்கி வழிகிற குழந்தையும் கூட இருந்தால், பிக்காடில்லியில் ஒரே ரயிலாக உட்கார்ந்து போங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

லிஃப்ட் இருக்கிறதே என்று நேரத்தை இறுக்கிப் பிடிப்பதும் தவறு. கிரீன் பார்க்கில் லிஃப்ட் உண்டு, ஆனால் பிக்காடில்லியிலிருந்து மற்ற லைன்களுக்கு நீண்ட நடைபாதை. பேடிங்டனிலோ ஒரே பெயரில் தனித்தனி பிளாட்பாரங்கள். ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஒரு கோடியில், டிஸ்ட்ரிக்ட் லைன் இன்னொரு கோடியில். யூஸ்டனிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு ஒரே ஸ்டாப்தான். அதற்காகக் கீழே இறங்கி ஏறாதீர்கள். யூஸ்டன் ரோட்டில் நேராக, சமதளமாக, கால் மணி நேர நடை.

வார நாட்களில் காலை 6:30 முதல் 9:30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கூட்டம் அதிகம். முடிந்தால் காத்திருந்து கிளம்புங்கள்.

அப்புறம், சின்ன விஷயங்கள். டிக்கெட் கேட்டில் அகலமான வழி ஒன்று இருக்கும், அதில் போங்கள். குறுகலான கதவில் சூட்கேஸைப் பின்னால் இழுத்துக்கொண்டு நுழைந்தால், ஆள் உள்ளே, சூட்கேஸ் வெளியே என்று ஆகிவிடும். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். ரயிலில் சக்கரம் உருளாதபடி சூட்கேஸை முழங்காலால் அணைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டால் அது எதிரே இருப்பவர் காலில்தான் போய் இடிக்கும்.

குடும்பமாகப் போனால் ஏறுவதற்கு முன்பே ஒன்றைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: யாராவது பிளாட்பாரத்தில் விடுபட்டால் ரயிலில் இருப்பவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும்.