மடிநோய்ப் பாலைச் சோதனைக்கு எடுப்பது எப்படி

எங்கள் ஒரத்தநாடு பக்கம் மாட்டுக்கு மடி வீங்கினால் முதல் கேள்வி, "போன தடவை என்ன ஊசி போட்டீங்க?" என்பதுதான். அதையே கடையில் வாங்கிப் போட்டு, வீக்கம் வடிந்ததும் விட்டுவிடுவார்கள். அடுத்த ஈற்றில் மடி மறுபடி கல்லாகும், ஊசி கேட்காது.

மடிக்குள் கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக மரபணு மாறியிருக்கும். ஒன்று பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும், இன்னொன்று உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். மருந்து மற்றதையெல்லாம் கொல்ல, இவை இடம் பிடித்துப் பெருகும். ஒரே களைக்கொல்லியை வருஷா வருஷம் அடித்த வயலை, அதற்குச் சாகாத குதிரைவாலிப் புல் பிடிப்பது மாதிரிதான். போதாக்குறைக்கு, அந்த மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும்.

ஆகவே ஊசிக்கு முன்னால் பாலை எடுங்கள். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். முதல் நாலைந்து பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய்தான். அப்புறம் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும் வரைக்கும் காம்பு நுனியைத் தேயுங்கள். கிருமி நீக்கிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து 5 மில்லி கறந்தால் போதும். புட்டி வாயில் காம்பும் படக்கூடாது, விரலும் படக்கூடாது. சாணித் தூசி விழுந்தால் ஆய்வகத்தில் சாணிக் கிருமிதான் வளரும். (என் மாமியார் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தார். உதவாது.) "செவலை, பின் இடது" என்பதுபோல எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள்.

அங்கே கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்ந்த காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். கேட்காவிட்டால் கிருமி பொட்டின் விளிம்புவரை படர்ந்திருக்கும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை மாடு தாங்காது, டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்குவார், சரி. முடிவைப் பார்த்து அவர் மாற்றினால் மாற்றுங்கள். அளவையும் நாளையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

மருந்து நடக்கும்போதும், அப்புறம் லேபிளில் போட்டிருக்கும் நாள்வரையும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. உறை ஊற்றினால் பல நேரம் தோயவே தோயாது. கன்றுக்கும் வேண்டாம், மருந்துக்குச் சாகாத கிருமி அதன் குடலில் தங்கிவிடும். நோய் உள்ள மாட்டை எப்போதும் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.