நன்னீர்த் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் வேண்டுமா?

புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது மீன்தொட்டித் தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. கூடத்தில் இரண்டடித் தொட்டி, அதில் கப்பி, மோலி போன்ற சின்ன மீன்கள் என்றால் ஸ்கிம்மர் வாங்கவே வேண்டாம். கடல்நீரில் உப்பு இருப்பதால் காற்றுக் குமிழிகள் ஒன்று சேராமல் பொடியாகவே நிற்கும். கழிவுப் புரதம் அவற்றின் மேல் ஒட்டி நுரையாக ஏறும். நன்னீரில் குமிழிகள் சேர்ந்து பெருத்து, விறுவிறுவென்று மேலே போய் உடைந்துவிடும். உப்புப் போட்டால் சரியாகுமா? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மீன் வைத்தியத்துக்கு நாம் போடும் 3 கிராம் அதற்குப் போதாது. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் டிஷ்யூ பேப்பரைப் பரப்பி எடுங்கள், போதும்.

கோய் (வண்ணக் கெண்டை) வளர்க்கும் தொட்டி வேறு விஷயம். பெரிய மீன்கள், தீனியும் அதிகம். பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை உடனே அடங்காமல் நின்றால் ஸ்கிம்மருக்கு வேலை இருக்கிறது.

எங்கள் மாடித் தொட்டிக்கு ஸ்கிம்மரை நானே செய்துகொண்டேன். 4 இன்ச் பிவிசி பைப், நாலடி உயரம், அடியில் மூடி. உள்ளே அடிவரை இறங்கும் ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக்கும் கல்), எவ்வளவு பொடிக் குமிழி தருகிறதோ அவ்வளவு நல்லது. பம்ப் தண்ணீர் மேல்பக்கம் நுழைந்து, அடிப்பக்கம் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் இறங்க, குமிழி ஏற, இரண்டும் எதிரெதிரே வெகுநேரம் உரசும், இதில்தான் சூட்சுமமே. உச்சியில் 2 இன்ச்சாகக் குறுக்கி, எல்போ போட்டு வாளிக்கு விடுங்கள்.

அப்புறம் பொறுமை வேண்டும். வால்வைக் கொஞ்சம் மூடினால் பைப்புக்குள் நீர்மட்டம் ஏறும். அதிகம் ஏறினால் வெறும் தண்ணீர் கொட்டும், குறைந்தால் நுரை வழியிலேயே செத்துவிடும். வாளியில் டிகாஷன் நிறத்தில், நாற்றத்தோடு சொட்டினால் மட்டம் சரி. அந்தக் கருப்புத் தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம், அத்தனையும் அழுகி அம்மோனியாவாக வேண்டியது!

ஆனால் ஏற்கெனவே உண்டான அம்மோனியாவை இது எடுக்காது. அதற்கு பயோ ஃபில்டர் (அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வாழும் வடிகட்டி) வேண்டும், அதை நிறுத்தாதீர்கள். குறுகிய கழுத்தின் உட்புறத்தை வாராவாரம் துடையுங்கள், பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியே பம்புக்குள் வந்துவிடும். மருந்தோ குளோரின் நீக்கியோ ஊற்றும் நாளில் நுரை பொங்கி வழியலாம், அன்றைக்கு ஸ்கிம்மரை அணைத்துவிடுங்கள்.